தட்டச்சு செய்தவர் பெயர்: மதுரைத் திட்டத்தைப் பற்றிச் சில குறிப்புகள்

கம்பராமாயணத்தில் ஒரு பாட்டு வேண்டும். முதல் அடி மட்டும் நினைவில் இருக்கிறது. கூகுளில் போட்டால் ஒரு நொடியில் முழுப் பாட்டும் வந்து நிற்கிறது. நாமும் எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தப் பாட்டு அங்கே எப்படி வந்தது?

அச்சுப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் கணினியே தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் வசதி, நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு வந்தது 2010களின் நடுவில்தான். அதற்கு முன்னால் இணையத்தில் ஏறிய பழைய பாட்டு என்றால் யாரோ ஒருவர் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். இன்னொருவர் அதைப் படித்துத் திருத்தியிருக்கிறார். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். வேறு நாட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. காசும் கிடையாது.

"இணையம் மனிதர்களை இணைக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒயர் இழுத்துவிட்டால் மனிதர்கள் தானாகச் சேர்ந்து வேலை செய்துவிடுவார்களா? முகம் தெரியாத நூறு பேர் ஒரே வேலையைச் செய்து முடிக்க உண்மையில் என்னவெல்லாம் தேவைப்பட்டது? இந்தக் கேள்விக்கு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உதாரணம் மதுரைத் திட்டம்.

முதலில் 1887

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூற்றாண்டு பின்னால் போவோம். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அவர் அடுக்கிய பட்டியலில் முதலியார் மனம் நிறையாததும், சீவக சிந்தாமணி பற்றிப் பேச்சு வந்ததும் பலருக்கும் தெரிந்த கதை. அந்தப் பேச்சிலிருந்து சிந்தாமணி அச்சாகி வெளிவரும் வரை ஏழு ஆண்டுகள். 1887இல்தான் புத்தகம் வந்தது.

உ.வே.சா.வைத் தனி மனிதராகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் பதிப்புக்குப் பின்னால் பல கைகள் இருந்தன. ஏட்டுப் பிரதிகளைக் கொடுத்தவர்கள், கடிதம் எழுதி எந்த ஊரில் யார் வீட்டில் ஏடு இருக்கிறது என்று சொன்னவர்கள், சிந்தாமணியைத் தங்கள் சமய நூலாகவே பாடம் கேட்டு வந்த கும்பகோணத்துச் சமணர்கள். நச்சினார்க்கினியர் உரையில் புரியாத இடங்களை அந்தச் சமணர்கள் விளக்காவிட்டால் வேலை நகர்ந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அதே 1887இல் வந்தது. அவருக்கும் பல ஊர்களிலிருந்து ஏடு திரட்டும் அதே பாடுதான்.

ஆக, கூட்டு முயற்சி அப்போதும் உண்டு. அப்போது இருந்த இடையூறு தூரம். ஏட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஏடு இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். ரயில் போகாத ஊருக்கு மாட்டு வண்டி, மிச்சத்துக்கு நடை. போய்ச் சேர்வதற்குள் ஏடு போய்விடுவதும் உண்டு. கரிவலம்வந்தநல்லூருக்கு உ.வே.சா. போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிப் போனவை என்னென்ன என்று இனி யாராலும் பட்டியல் போட முடியாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது, எழுத்து. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். "கொள்" என்பதா, "கோள்" என்பதா என்று இடம் பார்த்து, யாப்பு பார்த்து, உரை பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தச் சங்கடத்தை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

1998 பொங்கல்

நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகப் பரப்புவது தமிழில் தொடங்கிய யோசனை இல்லை. 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் அமெரிக்க விடுதலை அறிக்கையைத் தட்டிப் போட்டார். கூட்டன்பர்க் திட்டம் அங்கே பிறந்தது.

தமிழில் அது நடக்க 27 ஆண்டுகள் ஆயின. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒருங்கிணைத்தவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஒளிவேதியியல் ஆராய்ச்சியாளர். சாயம் ஏற்றிய சூரிய மின்கலங்கள் பற்றிய ஆய்வுகளில் அவர் பெயரைப் பார்க்கலாம். துணை ஒருங்கிணைப்பாளர் முனைவர் குமார் மல்லிகார்ஜுனன், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிளாக்ஸ்பர்க் நகரில். இருவருக்கும் இடையே ஆறு மணி நேர வித்தியாசம். இருவருக்கும் தமிழ் தொழில் கிடையாது. சங்கம் இருந்த ஊர் என்பதால் திட்டத்துக்கு மதுரையின் பெயரை வைத்தார்கள். அலுவலகம் மதுரையில் இல்லை; எங்கேயுமே இல்லை.

வேலை முறை எளிமையானது. காப்புரிமை இல்லாத ஒரு நூலை ஒரு தன்னார்வலர் எடுத்துக்கொள்வார். வீட்டில் உட்கார்ந்து தட்டுவார். மின்னஞ்சலில் அனுப்புவார். இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். பிறகு அது எல்லோருக்கும் இலவசம். முதல் வெளியீடு திருக்குறள்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். திருக்குறள் 1330 பாட்டு, ஆளுக்கு ஏழு சீர். ஒருவர் ஒரு மாதம் மனது வைத்தால் முடித்துவிடலாம். கம்பராமாயணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். (கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆன பிறகு அதையும் ஏற்றினார்கள்.) இதையெல்லாம் அலுவலகம் முடிந்து வந்து, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் தட்டியவர்கள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்கள் அவர்களில் கணிசமான பங்கு. பக்கத்தில் தமிழ் நூலகம் இல்லாதவர்கள்தான் தமிழ் நூலகம் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

முக்கால் பின்னம் ஆன "த"

தூரம் தீர்ந்தது, சரி. எழுத்து? இங்கேதான் என் போன்ற மென்பொருள்காரனுக்குச் சுவாரசியம் கூடுகிறது.

1998இல் தமிழைக் கணினியில் எழுத ஒரே முறை கிடையாது. எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்தார்கள். ஒரு எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் குப்பை. மதுரைத் திட்டத்தின் முதல் நூல்கள் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் வந்தன. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் வள்ளுவரே வந்தாலும் படிக்க முடியாது.

நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து உட்கார்ந்தால், பாதி நேரம் எழுத்துருவை இறக்குவதிலேயே போய்விடும். அடுத்த முறை போனால் கடைக்காரர் அதை அழித்திருப்பார். திரும்ப முதலிலிருந்து.

இதற்குத் தீர்வு காண, பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய குறியீடுதான் திஸ்கி. மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சம் 128 தமிழுக்கு. ஆனால் நமக்கு 247 எழுத்து இருக்கிறதே? அதனால் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கொம்பு தனி, துணைக்கால் தனி என்று வைத்தார்கள். திட்டம் 1999இலிருந்து திஸ்கிக்கு மாறியது. அதே 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளை ஏற்றது. ஆக, பொதுக் குறியீடு வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல்; எது என்பதில்தான் சண்டை. தமிழர்களாயிற்றே!

திஸ்கியில் "தமிழ்" என்ற சொல்லை எழுதி, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன தெரியும் தெரியுமா? "த" முக்கால் பின்னக் குறியாகிவிடும். "ம" தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ. இகரக் கொக்கி சென்ட் காசுக் குறி. "ழ்" தலையில் கோடு போட்ட ஆங்கில யு. நான்கு குறி. அந்தக் காலத்தில் இணையத்தில் இருந்தவர்களுக்கு இந்த நான்கும் கண்ணை மூடினாலும் தெரியும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் 98இல் அது வேலை செய்யாது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்து, வீடுகளுக்குப் பரவிய பிறகுதான் பயன்பட்டது. 2004இலிருந்து மதுரைத் திட்டம் யூனிகோடுக்கு வந்தது. முன்பு தட்டியவற்றையும் மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்றால் ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொரு எண் என்று நினைக்காதீர்கள். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் போகும். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று. யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. இரண்டு. ஆகவே நிரல் ஒரு கொம்பைப் பார்த்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கடுத்து கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்து, பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். ஒரு வார இறுதியில் நானே இந்த நிரலை எழுதிப் பார்த்தேன். ஐம்பது வரிதான். ஆனால் எழுதும்போது ஓலையும் உ.வே.சா.வும் நினைவுக்கு வந்தார்கள். "கொ"வா "கோ"வா என்று அவர் பார்த்த அதே எழுத்தை இப்போது என் நிரல் பார்க்கிறது!

ஓலைக் காலத்துக் குழப்பம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுதான். தட்டுபவர்களில் பலர் "கௌதமன்" என்பதை "கெளதமன்" என்று தட்டியிருப்பார்கள். இந்த இரண்டும் உங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியலாம். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகும். இன்றைக்கும் இணையம் முழுக்க இது இருக்கிறது. பார்த்துத் திருத்த மனிதர்தான் வேண்டும்.

நூலிலிருந்து பக்கத்துக்கு

அடுத்த மாற்றம் வேலையைப் பங்கு போட்டதில் வந்தது. ஒரு முழு நூலை ஒருவர் ஏற்பது பெரிய பாரம். பாதியில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், கண் வலிக்கும். பாதி நூல் யாருக்கும் உதவாது.

2000இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராங்க்ஸ் என்பவர் கூட்டன்பர்க் திட்டத்துக்காக ஒரு வழி கண்டார். நூலைக் கொடுக்காதே, ஒரு பக்கத்தைக் கொடு. இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து. ஒப்பிட்டுத் திருத்து. முடிந்தால் இன்னொரு பக்கம். முடியாவிட்டால் போய்ப் படுத்துக்கொள், மிச்சத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். 2002 நவம்பரில் கணினிக்காரர்கள் கூடும் ஒரு செய்தித் தளத்தில் இதைப் பற்றி வந்த ஒரே நாளில் 4,000க்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். ஒரு புத்தகத்தைத் தட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அதில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

மதுரைத் திட்டமும் இதே பங்கீட்டு மெய்ப்பு முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. படமாக்கிய பக்கங்களைப் பலரிடம் பகிர்ந்து, தட்டி, சேர்த்து நூலாக்கினார்கள். இன்று தமிழ் விக்கிமூலத்தில் நடப்பதும் இதுதான். நாட்டுடைமையான நூல்களின் படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்தது; எழுத்துணரி முதல் வடிவத்தைத் தருகிறது; மனிதர்கள் திருத்துகிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம். திருத்தாதது சிவப்பு. ஒருவர் பார்த்தது மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. சின்ன விதிதான். ஆனால் அறிமுகமே இல்லாத இரண்டு பேரை ஒரு பக்கத்தில் சந்திக்க வைக்கிற விதி அது.

தலைப்பக்கம்

மதுரைத் திட்டத்தின் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு தலைப்பக்கம் இருக்கும். மூல நூலைக் கொடுத்து உதவியவர் யார், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், பல கோப்புகளில் எந்த ஊர், எந்த நாடு என்பது வரை. பங்கீட்டு முறையில் செய்த நூலென்றால் ஒரு பட்டியலே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை: தாராளமாகப் பரப்புங்கள், ஆனால் இந்தத் தலைப்பக்கத்தை எடுக்காதீர்கள்.

பழைய ஏடுகளின் கடைசியில் இதே வழக்கம் உண்டு. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதி முடித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதியவர் குறித்து வைப்பார். அந்தக் கடைசி ஓலைதான் 1998இல் முதல் பக்கத்துக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒற்றை நிபந்தனைதான் அதிகம் மீறப்பட்டது. தலைப்பக்கத்தை வெட்டிவிட்டு நூலை மட்டும் எடுத்துப் போட்ட பிரதிகள் எத்தனையோ. "எங்கள் தொகுப்பு" என்று பெருமையாகப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் ஏடு ஒப்பிடுபவர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் இங்கேயும் வேலை செய்கிறது. இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது, அல்லது இரண்டும் மூன்றாவது ஒன்றைப் பார்த்தவை. சரியான பாடம் தற்செயலாக ஒத்துப்போகலாம். கை நழுவித் தட்டிய பிழை நான்கு இடத்தில் தற்செயலாக ஒத்துப்போகாது. பழைய தட்டச்சுப் பிழை ஒன்றை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். வரிசையாக வந்து நிற்கும். தட்டியவர் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் விரல் தடுமாறிய இடத்தை வெட்ட மறந்துவிட்டார்கள்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. பெயரோடு சேர்ந்து இன்னொரு விவரமும் போய்விடுகிறது: எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டியது என்பது. அது தெரியாவிட்டால், பாடம் சரியா தவறா என்று சந்தேகம் வரும்போது ஒப்பிட மூலம் கிடையாது. திருத்தம் சொல்லவும் ஆள் கிடையாது. மதுரைத் திட்டத்தின் கோப்பில் பிழை இருந்தால் எழுதிப் போடலாம், திருத்துவார்கள். வெட்டி ஒட்டிய நூறு பிரதிகளில் அந்தப் பிழை அப்படியே கல்வெட்டாகிவிடும். அடுத்த தலைமுறை எதை நம்பும்?

வேலையின் அளவு நூலிலிருந்து பக்கத்துக்குச் சுருங்கச் சுருங்கக் கைகள் கூடின என்று பார்த்தோம். கூடவே பெயர்கள் மங்கின. 1887இல் முகவுரையில் உதவியவர்களுக்கு நன்றி இருந்தது. 1998இல் தலைப்பக்கத்தில் பெயர் இருந்தது. இன்று விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் திருத்தியவர் பெயர் இருக்கிறது; ஆனால் "வரலாறு" என்ற பொத்தானை யார் அழுத்திப் பார்க்கிறோம்? பதிவு என்னவோ முன்னைவிடத் துல்லியம்தான். படிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே, என் தொடக்கக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. ஒயர் போதாது. இந்தப் பக்கம் தட்டிய "த" அந்தப் பக்கமும் "த"வாகத் தெரிய வேண்டும். ஒரு மனிதர் ஒரு இரவில் செய்து முடிக்கும் அளவுக்கு வேலை இருக்க வேண்டும். செய்தவர் யார் என்பது வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டையும் பெரும்பாடு பட்டு வாங்கிவிட்டோம். மூன்றாவது நம் கையில், அதாவது எடுத்து ஒட்டுகிறவர்கள் கையில் இருக்கிறது.

இனி ஒரு பழம்பாட்டை இணையத்திலிருந்து எடுத்துப் போடும்போது, அதன் மதுரைத் திட்டக் கோப்பையோ விக்கிமூலப் பக்கத்தையோ ஒருமுறை திறந்து, யார் தட்டியது, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பாட்டுக்குக் கீழே ஒரு வரியில் அதையும் போடுங்கள். நேரம் இருந்தால் விக்கிமூலத்தில் மஞ்சளாக நிற்கும் ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துப் பச்சையாக்குங்கள். பதினைந்து நிமிஷ வேலை. "கெளதமன்" கண்ணில் பட்டால் அப்படியே திருத்திவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.